"எதுக்கு அடிச்சாங்கன்னு எழுதினீங்களா?" – வெறுப்புக் குற்றச் சட்டங்கள் பற்றிய எட்டு வார இணையப் பாடம்: ஒரு விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. நான்காம் வாரத்துக்கு மட்டும் தனியாகக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். தமிழ் சப்டைட்டிலுக்குத் தனியாகக் கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லை.

நான் 31 வருடம் நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். நீதிபதி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து, பிழை திருத்தி, கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. எத்தனை ஆயிரம் பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கங்களில் எதைப் பற்றியும் என் கருத்தை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று என் மகள் இந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டாள். "வெறுப்புக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் நியாயமா?" என்பதுதான் பாடத்தின் தலைப்பு. இனம், மதம், சாதி போன்ற அடையாளத்துக்காகவே ஒருவரைக் குறிவைத்துச் செய்வதுதான் வெறுப்புக் குற்றம். நடத்தும் நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல அவர்கள் இங்கே இல்லை.

அமைப்பு இதுதான். வாரத்துக்கு இரண்டு காணொளி, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். படிக்க ஒரு பிடிஎஃப். முடிவில் பத்துக் கேள்வி. சனிக்கிழமை நேரலை விவாதம், ஒரு குழுவுக்கு 14 பேர். எட்டாவது வாரம் ஓர் எழுத்துப் பணி. சொல்லித் தருபவர் ஒரு சட்டப் பேராசிரியர். நிதானமான குரல், அவசரமில்லை. ஆனால் கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் "இது சுவாரசியமான கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். எட்டு வாரத்தில் பதினோரு முறை எண்ணினேன்.

சப்டைட்டில் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு அங்கேயே நிற்கும். தமிழில் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். உண்டுதான். எந்திரம் செய்தது, எந்த மனிதரும் திரும்பிப் பார்க்காதது. முதல் காணொளியின் முதல் வரியே "இன்று நாம் குற்றத்தை வெறு பற்றிப் பேசுவோம்" என்று வந்தது. அப்புறம் "நீதிபதி நான்காண்டு வாக்கியம் விதித்தார்." ஆங்கிலத்தில் தண்டனைக்கும் வாக்கியத்துக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. நான் தட்டச்சு செய்த வாக்கியங்கள் சில நான்காண்டு நீளம் இருந்தது உண்மைதான், ஆனாலும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சிறுவனை அடித்து நினைவிழக்கச் செய்த வழக்கில், குற்றச்சாட்டின் பெயர் "மோசமாக்கப்பட்ட மின்கலம்" என்று திரையில் ஓடியது. அடிதடிக்கு அமெரிக்கச் சட்டத்தில் 'பேட்டரி' என்று பெயர். சிரித்துவிட்டேன். ஒரு பையன் நான்கு நாள் கோமாவில் கிடந்த வழக்குக்குச் சிரித்தோமே என்று பிறகு வெட்கமாகவும் இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து சப்டைட்டிலை அணைத்துவிட்டேன். ஆங்கிலம் ஓரளவு காதில் விழும் என்றால் நீங்களும் அதையே செய்யுங்கள்.

அந்த வழக்கில்தான் பாடம் தொடங்குகிறது. நல்ல தேர்வு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் எதிர் மிட்செல், 1993. சம்பவம் நடந்தது 1989-இல், கெனோஷா என்ற ஊரில். சில இளைஞர்கள் தெருவில் போன 14 வயதுப் பையனைக் காட்டி அவன்மீது பாய்ந்து அடித்தார்கள். அந்த அடிதடிக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஆனால் அடிபட்டவனை இனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, சொன்னதால், மாநிலச் சட்டப்படி உச்சவரம்பு ஏழு ஆண்டாக உயர்ந்தது. நீதிமன்றம் கொடுத்தது நான்கு. மாநில உச்ச நீதிமன்றம், இது எண்ணத்துக்குத் தண்டனை கொடுப்பதாகும் என்று அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே பக்கம்.

இதில் பேராசிரியர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்த விஷயம் ஒன்று உண்டு. அடிபட்ட பையன் வெள்ளையினத்தவன், தண்டிக்கப்பட்டவர் கறுப்பினத்தவர். சிறுபான்மையினரைக் காக்க வந்தது என்று எல்லோரும் நினைக்கும் சட்டத்தின் மிகப் பெரிய வழக்கில், உயர்த்திய தண்டனையை வாங்கியவர் ஒரு சிறுபான்மையினர். நான் காணொளியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மனசு. யாருடைய கையில் லத்தி இருக்கிறதோ அவர் வசதிக்குத்தானே சட்டம் வளையும் என்று இன்னொரு மனசு. இதை எடுத்துப் பேசியிருந்தால் ஒரு வாரம் போதாது. அவருக்கு இது "சுவாரசியமான கேள்வி", இரண்டாவது முறை.

இதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1992-இல் வந்த செயின்ட் பால் நகர வழக்கைப் பக்கத்தில் வைத்துச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. சில பதின்வயதினர் உடைந்த நாற்காலிக் கால்களை ஒட்டிச் சிலுவை செய்து, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு வளாகத்துக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். நகரம் தன் தனி விதியில் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அடுத்தவர் வீட்டு முற்றத்தில் தீ வைக்கலாம் என்று அது சொல்லவில்லை. அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் போடுங்கள் என்றது. இந்த விதியோ, சில வகைக் கருத்துகளைச் சொல்லும் சின்னங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தடுக்கிறது, அது கூடாது என்றது. சரி, 1992-இல் அப்படிச் சொன்னவர்கள் 1993-இல் எப்படி மாறினார்கள்? மாறவில்லை என்பதே பாடம். முதலாவதில் விதி கை வைத்தது சொல்லின்மீது. இரண்டாவதில் கை வைத்தது அடியின்மீது, அந்த அடி ஏன் இந்த ஆள்மேல் விழுந்தது என்பதன்மீது. வேலையிலிருந்து ஒருவரை நீக்கலாம், ஆனால் அவருடைய இனத்துக்காக நீக்கினால் அது சட்டவிரோதம். அங்கே காரணம்தானே வித்தியாசம்? அதே தர்க்கம்தான் இங்கும்.

எண்ணத்துக்குத் தண்டனையா என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறுமை போய்விடும். நான் தட்டச்சு செய்த தண்டனை உத்தரவுகளில் காரணம் பேசாத உத்தரவு அபூர்வம். கூலிக்குக் கொன்றானா, கோபத்தில் கொன்றானா, பசிக்குத் திருடினானா, பழக்கத்தில் திருடினானா, எல்லாம் அந்தக் கடைசி இரண்டு பக்கத்தில் வரும். காரணத்துக்குச் சட்டத்துக்குள் எப்போதும் இடம் இருந்திருக்கிறது. இதைப் பாடம் மூன்றே நிமிடத்தில் சொல்கிறது, போதும்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் முன்பு கவனித்ததில்லை, நான்காம் வாரம்தான் கண்ணைத் திறந்தது. உச்சவரம்புக்குள் நீதிபதி காரணத்தைப் பார்த்து எடை போடுவது ஒன்று. காரணத்தை வைத்து உச்சவரம்பையே தூக்குவது வேறொன்று. இரண்டாவதைச் செய்வதானால் அந்தக் காரணமும் குற்றத்தின் ஒரு பாகம் ஆகிவிடுகிறது. அப்படியென்றால் அதையும் குற்றத்தைப் போலவே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாமா?

நியூ ஜெர்சி மாநிலத்தில் 1994 டிசம்பரில் நடந்த சம்பவம். வெள்ளையினத்தவர் மட்டுமே வாழ்ந்த பகுதிக்குக் குடிவந்த கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கி அப்ரெண்டி என்பவர் பலமுறை சுட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்துக்கு உச்சவரம்பு பத்து ஆண்டு. பிறகு நீதிபதி தனியாக விசாரித்து, இனவெறுப்புதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவில் முடிவு செய்து, 12 ஆண்டு கொடுத்தார். "வாய்ப்பு அதிகம்" என்பது சொத்துத் தகராறுக்குப் போதுமான அளவுகோல், சிறைக்குப் போதாது. 2000-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், உச்சவரம்பைத் தாண்ட வைக்கும் எந்த உண்மையும் ஜூரி முன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. முன்பே வேறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்ற உண்மை மட்டும் விலக்கு.

இந்த வாரத்தில் பேராசிரியர் வேறு ஆளாகிவிட்டார். வழக்கின் ஒவ்வொரு படியையும் எடுத்து வைத்தார். சுட்டவர் போலீசிடம் முதலில் என்ன சொன்னார், பிறகு அதை எப்படி மறுத்தார், அந்த ஒரு வாக்குமூலத்தின்மீது இரண்டு ஆண்டு எப்படி ஏறி உட்கார்ந்தது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். வெறுப்புக் குற்றச் சட்டம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒருசேரப் பார்க்க வேண்டிய முக்கால் மணி நேரம் இது. மொத்தப் பாடத்தில் இதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

மூன்றாம் வாரத்தை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன், அதில் எனக்குச் சண்டை இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் இரண்டு கொலைகள். ஜூனில் டெக்ஸாஸின் ஜாஸ்பரில் ஜேம்ஸ் பைர்டு என்ற கறுப்பினத்தவரை மூன்று பேர் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். அக்டோபரில் வயோமிங்கில் மேத்யூ ஷெப்பர்டு என்ற தன்பாலீர்ப்புள்ள மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். இந்த இருவர் பெயரில்தான் 2009 அக்டோபர் 28 அன்று ஒபாமா ஒரு கூட்டாட்சி (மத்திய அரசின்) வெறுப்புக் குற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி இங்கேதான் வருகிறது. பைர்டைக் கொன்றவர்களில் இருவருக்கு மரண தண்டனை, ஒருவருக்கு ஆயுள். ஷெப்பர்டைக் கொன்ற இருவருக்கும் ஆயுள். எல்லாம் ஏற்கெனவே இருந்த சட்டத்தில். இதற்கு மேல் எதைக் கூட்டப் போகிறீர்கள்?

பேராசிரியர் இதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அடையாள முக்கியத்துவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பதில் அவர் கொடுத்த பிடிஎஃப்பிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் வாக்களிப்பது, அரசுப் பள்ளிக்குப் போவது போன்ற குறிப்பிட்ட செயல்களில் இருந்தால்தான் கூட்டாட்சி அரசு உள்ளே வர முடியும். 2009 சட்டம் அந்த நிபந்தனையை எடுத்தது. உள்ளூர் போலீஸ் கை கட்டி நின்றால் வேறொருவர் வந்து வழக்கு நடத்த வழி திறந்தது. நல்ல போலீசும் நல்ல ஜூரியும் கிடைத்த இரண்டு வழக்குகளை வைத்து இதை எடை போடக்கூடாது. 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் கொல்லப்பட்டான். கொலை அப்போதும் குற்றம்தான். முழுக்க வெள்ளையினத்தவர் இருந்த ஜூரி கொன்றவர்களை விடுவித்தது. கும்பல் கொலையைக் கூட்டாட்சி வெறுப்புக் குற்றமாக்கும் சட்டம் அந்தப் பையன் பெயரில் வர 2022 ஆயிற்று. "இருக்கிற சட்டம் போதும்" என்று யாராவது சொன்னால், யாருக்குப் போதும் என்று நான் கேட்பேன்.

இங்கே ஒரு பழைய நினைவு. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு பெண்மணி என் மேசைக்கு வந்தார். அன்று காலை சாட்சி சொன்னவர். அடிபட்டவர் அவர்தான். கூண்டில் இருந்தபோது குரலே எழும்பவில்லை. என்னிடம் வந்து, "அம்மா, நான் சொன்னதெல்லாம் நீங்கதானே அடிச்சீங்க? என்னை அடிச்சாங்கன்னு எழுதிட்டீங்க. எதுக்கு அடிச்சாங்கன்னு எழுதினீங்களா?" என்று கேட்டார். நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டை எத்தனை அடி நீளம், காயம் எங்கே, எத்தனை தையல் எல்லாம் இருந்தது. அது இல்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படி எழுதுவேன்? "வக்கீல் கேட்டாத்தாம்மா எழுத முடியும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எத்தனை வருடம் தண்டனை கிடைக்கும் என்று அவர் கேட்கவே இல்லை.

இந்தப் பாடம் முழுக்க நான் அந்த மேசையை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வெறுப்புக் குற்றச் சட்டம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. நடந்ததை எண்ணுவது ஒன்று. தீர்ப்பில் "இந்தக் காரணத்துக்காக" என்று எழுதுவது இரண்டாவது. அதற்காக ஆண்டுகளைக் கூட்டுவது மூன்றாவது. மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வாரம் விவாதிக்கிறார்கள். என் மிகப் பெரிய குறை இதுதான்.

எண்ணுவதிலேயே எவ்வளவு வேலை கிடக்கிறது பாருங்கள். அமெரிக்காவில் எண்ணுவதற்காகவே 1990-இல் ஒரு சட்டம் வந்தது. 2004 முதல் 2015 வரை, மக்களிடம் நேரடியாகக் கேட்டு அரசின் நீதிப் புள்ளியியல் துறை எடுத்த கணக்கு, வெறுப்புக் குற்றங்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் என்றது. அதே ஆண்டுகளில் போலீஸ் வழியாக எஃப்பிஐக்கு வந்த சம்பவங்கள் ஆண்டுக்கு 5,000-க்கும் 8,000-க்கும் இடையில். பாதிக்கு மேல் புகாராகவே போவதில்லை என்பதும் அந்த முதல் கணக்கில் இருக்கிறது. புகாராகப் போனதிலும் காரணம் எழுதப்படாமல் விட்டது எவ்வளவு என்று ஒரு ஸ்டெனோவுக்கு ஊகிக்க முடியும்.

ஐந்தாம் வாரம் பிரிட்டன். பாடம் இங்கே நன்றாகத்தான் போகிறது, வினாத்தாள் கெடுத்துவிட்டது. 1993 ஏப்ரலில் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். இருவருக்குத் தண்டனை கிடைத்தது 2012-இல். நடுவில், 1999-இல், அந்தக் கொலையைப் போலீஸ் விசாரித்த விதம் பற்றிய மெக்ஃபர்சன் அறிக்கை வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று அது சொன்னது. இது பதிவுக்கான அளவுகோல், அவ்வளவுதான். தண்டனையைக் கூட்ட நீதிமன்றத்தில் வேறு அளவுகோல் உண்டு. 1998 சட்டப்படி, குற்றம் செய்த நேரத்திலோ அதற்குச் சற்று முன்போ பின்போ பகைமையை வெளிக்காட்டியிருக்க வேண்டும், அல்லது குற்றமே பகைமையால் தூண்டப்பட்டிருக்க வேண்டும். அதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் சாதாரணத் தாக்குதலுக்கு ஆறு மாதமாக இருந்த உச்சவரம்பு இரண்டு ஆண்டு ஆகும்.

வினாத்தாளில் ஏழாம் கேள்வி: "பிரிட்டனில் பாதிக்கப்பட்டவர் வெறுப்புக் குற்றம் என்று கருதினால் தண்டனை கூடும். சரியா, தவறா?" நான் தவறு என்று போட்டேன். எனக்குத் தவறு போட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில். அது கருத்தே இல்லையே! இரண்டாவது மின்னஞ்சலுக்கும் அதே நன்றி. ஒரு மதிப்பெண்ணுக்காகப் புலம்புவதாக நினைக்காதீர்கள். இந்த இரண்டு அளவுகோல்களையும் குழப்புவதுதான் இந்த விவாதத்திலேயே பெரிய வதந்தி. "யாராவது மனசு புண்பட்டது என்றால் போதும், சிறை" என்று பயமுறுத்துபவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். பாடமே அதைக் கற்றுக்கொடுத்தால் என்ன செய்வது?

அதே வாரத்தில், சட்டம் காக்கும் பிரிவினர் பட்டியலில் யார் யாரைச் சேர்ப்பது என்ற பகுதியும் உண்டு. 2007-இல் இங்கிலாந்தில் ஒரு 20 வயதுப் பெண் 'காத்' பாணியில் (கறுப்பு உடை, கறுப்பு ஒப்பனை விரும்பும் ஓர் இளைஞர் பிரிவின் பாணி) உடை உடுத்தியதற்காகத் தாக்கப்பட்டு இறந்தார். அந்தப் பிரிவு எந்தச் சட்டப் பட்டியலிலும் இல்லை. கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் 2013-இல் அப்படிப்பட்டவர்கள் மீதான தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. மறுபக்கம், 2016-இல் லூசியானா மாநிலம் தன் பட்டியலில் போலீஸ்காரர்களையே சேர்த்தது. பட்டியல் போட்டால் வாசலில் வரிசை நிற்கும், வரிசையில் பலம் உள்ளவர் முன்னால் போவார். வேண்டாம் என்பவர்களின் இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஜெர்மனி 2015-இல் தண்டனைப் பிரிவில் இனவெறி, அந்நியர் வெறுப்பு ஆகியவற்றோடு "மனிதத்தன்மையற்ற பிற நோக்கங்கள்" என்று பொதுவாக ஒரு சொல்லையும் போட்டது. இத்தனை ஆண்டு கூட்டு என்று கணக்குச் சொல்லவில்லை, எடை போடும்போது பார் என்றது. எனக்கு அது பரவாயில்லை என்று பட்டது.

ஆறாம் வாரம் "மற்ற நாடுகள்". இந்தியாவுக்கு இருபது நிமிடம். இருபதே நிமிடம்! பட்டியலினத்தவரையும் பழங்குடியினரையும் காக்க வந்த 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உலகில் இவ்வகைச் சட்டங்களில் மூத்த ஒன்று. முன்ஜாமீன் கிடையாது என்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியதும், அதே ஆண்டு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து மீட்டதும், 2020-இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றதும் தனி வாரத்துக்கு உரியவை. பேராசிரியர் ஒரு தீர்ப்பை மட்டும் எடுத்தார். அது நல்ல தீர்ப்பு, 2021-இல் வந்தது. பார்வையற்ற பட்டியலினப் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உச்ச நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக் குற்றத்தையும் ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆனால் சாதியின் காரணமாகத்தான் செய்தார் என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று சிறப்புச் சட்டப் பிரிவை மட்டும் நீக்கியது. பெண் என்பதாலா, பார்வையற்றவர் என்பதாலா, சாதியாலா என்று பிரித்துப் பார்ப்பதே வாழ்க்கைக்குப் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த வழக்குக்குப் பொருந்தியது பழைய சொல். 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் "காரணத்துக்காக" என்ற சொல்லுக்குப் பதிலாக, இன்னார் என்று "தெரிந்தே" செய்தால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள்.

இப்படிச் சிறப்புப் பிரிவு உதிர்ந்து, பழைய பிரிவு மட்டும் நிற்கும் தீர்ப்புகளை நான் நிறைய அடித்திருக்கிறேன். விரல் பழகிவிட்ட வரி அது. இந்தப் பகுதியைக் கேட்டபோதுதான், கூண்டில் கேட்காமல் விட்ட கேள்விதான் கடைசிப் பக்கத்தில் "சான்று இல்லை" என்று வந்து நிற்கிறது என்று உறைத்தது.

நேரலை விவாதங்கள் நடத்துபவரைப் பொறுத்தவை. எங்களுக்கு வாய்த்தவர் கெட்டிக்காரப் பெண், யாரையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச விடமாட்டார். கடைசி விவாதத்தில் அகரவரிசைப்படி பிரித்ததில் நான் "வேண்டாம்" அணியில் விழுந்தேன். எனக்குப் பக்கபலமாக வந்தவர் சிறைக் கைதிகளுக்குப் பல ஆண்டு பாடம் நடத்தியவர். அவர் சொன்னது இது: "இருபது வயதுப் பையன் அரைகுறையாக வெறுத்துக்கொண்டு உள்ளே வருகிறான். அவனைப் போன்றவர்களோடே ஏழு வருடம் இருக்கிறான். யாரை வெறுத்தானோ அவர்களால்தான் தன் ஆயுசு போயிற்று என்று நம்பிக்கொண்டு வெளியே போகிறான்." கூட்டிய ஆண்டுகள் வெறுப்பைக் குறைத்தன என்று காட்டச் சொன்னார். எதிரணி காட்டவில்லை. தீர்ப்பு ஒரு சமூகத்துக்கே கேட்கும் செய்தி என்று சொன்னார்கள். "செய்தி போதும் என்றால் செய்தியைச் சொல்லுங்கள், ஆண்டு எதற்கு?" என்று நான் கேட்டேன். வேண்டாத அணியில் நின்று பேசியதாலேயே வந்த கேள்வி அது, ஆனால் பேசிய பிறகு அது என் கேள்வியாகிவிட்டது. வாக்கெடுப்பில் நாங்கள் 6, அவர்கள் 8. தோற்றதில் வருத்தமில்லை.

யாருக்கு இந்தப் பாடம்? சட்டம் படிப்பவர்களுக்கும் செய்தி எழுதுபவர்களுக்கும் கட்டாயம் சொல்வேன். இந்த வெறுப்புக்கு நேரடியாக ஆளானவர்கள் மூன்றாம் வாரத்தை யாராவது பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள், முன்னெச்சரிக்கை எதுவும் போடாமல் நடந்ததை விவரமாகச் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் ஒருவர்கூட எட்டு வாரத்தில் நேரில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், இவ்வளவுதான்.

கடைசி வாரம் எழுத்துப் பணி: நூறு சொல்லுக்குள் ஒரு வெறுப்புக் குற்றச் சட்டப் பிரிவு வரைய வேண்டும். நான் இப்படி எழுதினேன். புலன்விசாரணை அதிகாரி பாதிக்கப்பட்டவரிடம், தாக்குதலுக்கு என்ன காரணம் என்று அவர் நம்புகிறார் எனக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். அரசுத் தரப்பு அந்தக் காரணத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தால், நீதிமன்றம் அதைத் தீர்ப்பில் தனிப் பத்தியாக எழுத வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். அடித்தல் திருத்தம் இல்லாமல் 61 சொல்லில் முடிந்தது.

நூற்றுக்கு 58 மதிப்பெண். திருத்தியவரின் குறிப்பு ஒரே வரி: "பிரிவு முழுமையாக இல்லை, கூடுதல் தண்டனை எவ்வளவு என்று குறிப்பிடப்படவில்லை." மேல்முறையீடு செய்ய பதினான்கு நாள் அவகாசம் உண்டாம். விண்ணப்பப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது.